மூன்றாவது சிலிண்டர்

ஓடும்போது ஒன்றுமில்லை.
மணலில் நாலு சக்கரமும் கடித்து ஏறும்போது
ஒன்றுமே இல்லை.
மூக்கையூர் ஐஸ் கம்பெனி வாசலில்
நியூட்ரலில் விட்டுக் காலை எடுத்தால்தான்
நடுக்கம்.
பக்கக் கண்ணாடியில் கோயில் சிலுவை
இரண்டாகத் தெரியும்.
பின்னால் நண்டுக் கூடைகள்
பல்லை நெறிக்கும்.

சாயல்குடியில் சீனி நெய்னா
முதலில் பானட்டைத் திறக்கவில்லை.
ஒரு பீடி முடியும்வரை
புகைக்குழாய்க்குப் பக்கத்தில் நின்றான்.
டக் டக், ஒரு விடுகை, டக்.
வெள்ளைப் புகை.
"எத்தனை நாளா?"
"பத்து."
"காலையில மட்டுமா?"
"எப்பவும்தான்."
"டீசல் எங்க போடுற?"
"பங்க்ல."
அதை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிட்டேன்.

பதினேழாம் நம்பர் ஸ்பானர்.
எஞ்சினை ஓடவிட்டே
இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைத் தளர்த்தினான்.
முதல் நட்டு: வண்டி முக்கியது, குரல் இறங்கியது.
இறுக்கினான்.
இரண்டாவது: அணையப் பார்த்தது.
இறுக்கினான்.
மூன்றாவதில்
டீசல் கசிந்து துணியில் இறங்கியது,
எஞ்சின் தன்பாட்டுக்கு
அதே நொண்டலை நொண்டியது,
செத்தவனைக் கிள்ளியது மாதிரி.
நான்காவதை அவன் தொடவேயில்லை.
"மூணு பேரு சேந்து
ஒருத்தனைத் தூக்கிட்டுப் போறானுக" என்றான்.

இன்ஜெக்டரைக் கழற்றுவான் என்று பார்த்தால்
ஃபில்டருக்கு அடியில் உள்ள குட்டித் திருகைத் திறந்து
கலர் பாட்டில் ஒன்றில் பிடித்தான்.
வெயிலுக்கு நேரே தூக்கினான்.
மேலே தேன் நிறம்.
கீழே நாலு விரற்கடை, நிறமே இல்லாதது.
நடுவில் ஒரு கோடு,
காற்றில்லாத நாளின் அடிவானம் போல.
"தண்ணி."
"பங்க்ல ஏதோ..." என்று ஆரம்பித்தேன்.
அடித் தண்ணீரில் விரல் நனைத்து
நாக்கு நுனியில் வைத்துத் துப்பினான்.
"உப்பு.
எந்தப் பங்குக்காரன்யா
கடல்ல மொண்டு ஊத்துறான்?"

இன்னாசியின் நீலப் பீப்பாய்.
வள்ளத்துக்கு வரும் மானிய டீசல்.
என் அக்காளைக் கட்டியவன் அவன்.
மாசியிலிருந்து, ராத்திரிக்கு ஐந்து லிட்டர்,
குழாயை அடிமட்டம்வரை விட்டு
வாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.
பத்து நாளைக்கு முன் ஒருதரம்
வாய் கரித்தது.
இந்தக் கரையில் எதுதான் கரிக்காது,
உதடு, காற்று, கேனின் விளிம்பு,
என்று துப்பிவிட்டு வந்தேன்.

அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல
விளைமீன் கொடுத்தனுப்பினான், குடல் எடுத்து.
தன் வள்ளத்துக்கு வேறு பீப்பாய் வைத்துக்கொண்டு
எனக்கென்று இருந்ததில்
ஒரு குடம் கடலை ஊற்றியிருக்கிறான்.

டேங்கைக் கவிழ்த்து, ஃபில்டர் மாற்றி,
துரு ஏறிய மூன்றாவது இன்ஜெக்டரை எறிந்து
வேறு போட்டு,
கைப்பம்பை அடித்து அடித்துக் காற்றெடுத்து,
நாலாயிரத்து எண்ணூறு.
சாவியைத் திருப்பினேன்.
நாலும் பேசின.
ஆனாலும் ஸ்டீயரிங்கில் இன்னும் ஒரு துடிப்பு, சன்னமாக.
நெய்னா கடப்பாரையை எஞ்சினுக்கு அடியில் கொடுத்து நெம்ப,
மவுண்டிங் ரப்பர் வாயைப் பிளந்தது.
"இது வேற கேசு. வயசு.
ராம்நாட்லதான் கிடைக்கும். அடுத்த வாரம் வா."
பாட்டிலை என்னிடமே கொடுத்தான்.

சாயங்காலம் வள்ளத்தைக் கரையேற்ற
இன்னாசி காத்திருந்தான்.
கியரில் போடாமல் நிறுத்தினேன்.
பானட் மேல் உள்ளங்கையை வைத்தான்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"இன்னும் லேசா ஆடுதே மாப்ள."
"மவுண்டிங்கு" என்றேன்.
"ஓ" என்றான். கொஞ்ச நேரம் கழித்து,
"அது மட்டுந்தானா?"
கடலைப் பார்த்தேன். அது மட்டமாகக் கிடந்தது.
"இப்ப அது மட்டுந்தான்."
கயிற்றைக் கொக்கியில் மாட்டினான்.
"அப்ப இழு."